கூரையும் குடித்தனமும்

கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்கிறார்கள் என்று எப்போது சொல்லலாம்? கேள்வி எளிதாகத் தோன்றும். ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கிய அன்றே என்று பலர் விடை கூறுவர். பங்குத்தளத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிய எந்தக் குருவும் அவ்வளவு விரைவில் விடை கூறமாட்டார். ஒரே அடுப்பில் சமைத்து உண்டுகொண்டே பத்து ஆண்டுகளாக முகம் பார்த்துப் பேசாத தம்பதியரை அவர் அறிவார். பிழைப்பின் பொருட்டுக் கடலுக்கு அப்பால் கணவன் இருக்க, ஒரு நாளும் பிரியாமல் வாழும் மனைவியையும் அவர் அறிவார்.

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் கற்பித்த எங்கள் பேராசிரியர், 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இப்பொருள் பற்றிய பகுதியின் தலைப்பை இலத்தீனில் உரக்கப் படிப்பார். பின்பு கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதுவார்: படுக்கை, பந்தி, உறைவிடம். இம்மூன்றிலும் தம்பதியர் பிரியக்கூடும். பிரிந்த பின்னும் திருமணப் பிணைப்பு நிலைத்திருக்கும். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பும் 1151 முதல் 1155 வரையிலான விதிகளில் இதையே, பிணைப்பு நீங்காத பிரிவு என்று பேசுகிறது. தேர்வில் இந்தக் கேள்விக்கு நான் நன்றாகவே விடை எழுதினேன். அந்த மூன்று சொற்களை உயிருள்ள ஒரு மனிதரின் கையில் நான் சந்திக்க நெடுங்காலம் ஆயிற்று. 2019ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷையர் பகுதியில் ஒரு பங்கில், விடுமுறையில் சென்ற குருவுக்குப் பதிலாக ஆறு வாரம் பணியாற்றினேன். அங்கே ஒருவர் உள்ளாட்சி மன்றம் தமக்கு அனுப்பிய கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறு திருப்பலியில் கடைசி இருக்கையில் அமர்வார். அவருடைய மனைவியோ முன்புறம், மாதா பீடத்தின் அருகில் இருப்பார். சமாதானம் பகிரும் வேளையில் இவர் அந்தத் திசை நோக்கித் தலையை மட்டும் அசைப்பார். அந்த ஆண்டு ஜனவரியில் அவர் வீட்டை விட்டு வெளியேறி, இரண்டு தெரு தள்ளி ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். காரணம் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதுவது முறையன்று. அடி உதை இல்லை, வேறொரு பெண்ணும் இல்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியே போய்விட்டார்கள். கடனெல்லாம் அடைத்துத் தீர்ந்த அந்த வீடு இருவர் பெயரிலும் இருந்தது.

அந்நாட்டில் வருமானம் குறைந்தவர்களின் வாடகைக்கு ‘ஹவுசிங் பெனிஃபிட்’ என்னும் உதவித்தொகை உண்டு. உள்ளாட்சி மன்றங்களே அதை வழங்குகின்றன. உழைக்கும் வயதினர் புதிதாகக் கேட்டால் இப்போது பெரும்பாலும் ‘யுனிவர்சல் கிரெடிட்’ என்னும் வேறொரு திட்டத்தின் வழியாகவே வாடகைக்கு உதவி கிடைக்கும். ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்குப் பழைய உதவித்தொகை தொடர்கிறது. நம் பேருந்து ஓட்டுநருக்கும் அது கிடைத்துவந்தது. ஜூலையில் வந்த கடிதம் சொன்னது இதுதான்: நீங்கள் வீட்டை விட்டு வந்து 26 வாரங்கள் முடிந்தன, இனி அந்த வீட்டில் உமக்குள்ள பங்கு உம்முடைய சொத்தாகக் கணக்கிடப்படும், அதன் மதிப்பு 16,000 பவுண்டு என்னும் வரம்புக்கு மேல் இருப்பதால் உதவி நிறுத்தப்படுகிறது.

“வீட்டை விற்கச் சொல்கிறார்கள், ஃபாதர். விற்றால் அவள் எங்கே போவாள்?” என்று அவர் கேட்டார்.

அன்றிரவு குருமனையில் அமர்ந்து, பங்குக்கு உதவும் ஒரு வழக்கறிஞர் கொடுத்த விதிகளின் படியைப் படித்தேன். உண்மையைச் சொன்னால், அவற்றை எழுதியவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். பிரிந்து வந்தவர் மூச்சுவிட 26 வாரம் கொடுக்கிறார்கள். விட்டு வந்த வீட்டில் முன்னாள் துணை தனித்து நின்று குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தால், அவ்வாறு இருக்கும்வரை அந்த வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டை விற்க நேர்மையாக முயல்பவருக்கு மேலும் அவகாசம் தருகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீட்டுக்கே உதவி என்பது பொதுவிதி; ஆயினும் வன்முறைக்கு அஞ்சி ஓடிவந்து, நிலைமை சரியானால் திரும்ப எண்ணும் ஒருவருக்கு, 52 வாரம்வரை இரண்டு வீட்டுக்கும் உதவி கிடைக்கலாம். வாடகை ஒப்பந்தம் கணவன் பெயரில் இருந்து, அவன் போய்விட்டு வாடகை கட்டாதிருந்தால், அங்கேயே தங்கியிருக்க வாடகை கட்டவேண்டிய நிலையிலுள்ள மனைவி அந்த உதவியைத் தன் பெயரில் கேட்கலாம். இன்னொரு விதி எனக்கு வியப்பாக இருந்தது. பிரிந்த துணைக்குச் சொந்தமான வீட்டில், முன்பு இருவரும் சேர்ந்து வாழ்ந்த அதே வீட்டில், ஒருவர் அத்துணைக்கு வாடகை கொடுத்து இருந்தால் அந்த வாடகைக்கு உதவி கிடையாது. ஒரு காலத்தில் பொதுவாய் இருந்த கூரை பிற்பாடு வெறும் வாடகைக் கூரையாக மாறிவிட முடியாது என்று சட்டம் கருதுகிறது போலும்.

இவ்விதிகளின் நடுவே ஒரு சொல் என்னை நிறுத்தியது. விட்டு வந்த வீட்டில் முன்னாள் துணை குடியிருந்தால், அந்த வீடு கணக்கில் சேராது. ஆனால் அத்துணை மணமுறிவு பெற்றவராகவோ மனமுறிவு கொண்டவராகவோ இருந்தால் இந்தச் சலுகை இல்லை. முதியோர் இல்லத்துக்குப் போன கணவனும் வீட்டில் இருக்கும் மனைவியும் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. மணமுறிவு, மனமுறிவு: நம் மொழியில் ஓரெழுத்துத்தான் வேறுபாடு. முந்தையதற்கு நீதிமன்றத்தின் ஆணை சான்றாகும். பிந்தையதற்கு எது சான்று? அச்சொல்லுக்கு விதிகளில் விளக்கம் இல்லை. அலுவலகத்தில் இருப்பவர் தாமே கேட்டறிந்து முடிவு செய்யவேண்டும்.

கேட்டறிவது எளிதன்று. அந்நாட்டுச் சட்டத்தில் தம்பதியர் என்போர், மணம் புரிந்தவர்களாய் இருந்தால் மட்டும் போதாது. ஒரே குடித்தனத்தைச் சேர்ந்தவர்களாகவும் இருக்கவேண்டும். குடித்தனம் என்பது நம் சொல். அவர்களுடைய சட்டச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. வீடு வேறு, குடித்தனம் வேறு என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். ஒரே வீட்டில் இரண்டு உலை எரிந்தால் இரண்டு குடித்தனம். நம் ஊரில் குடும்ப அட்டை கேட்டு மனுச் செய்தாலும், தனிச் சமையல் உண்டா என்று பார்க்கத்தான் செய்கிறார்கள்.

ஆங்கிலேய நீதிபதிகளும் இந்த உலையைச் சுற்றியே நெடுநாள் வாதிட்டிருக்கிறார்கள். 1972இல் சட்ட அறிக்கைகளில் வெளியான ஒரு மணமுறிவு வழக்கில், கணவனும் மனைவியும் வெவ்வேறு அறைகளில் உறங்கினார்கள். ஆனால் மனைவி சமைத்ததைக் குழந்தைகளோடு சேர்ந்து உண்டார்கள். அவர்கள் பிரிந்து வாழவில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது இன்னொரு வழக்கு. மனைவி கணவனை விட்டு வேறொருவருடன் வாழ்ந்துகொண்டிருந்தாள். கணவனுக்கு இதயநோய் வந்தது. தனியே இருக்கக்கூடாது என்றார்கள் மருத்துவர்கள். அவர் தம் மனைவியும் அம்மனிதரும் வாழ்ந்த வீட்டில் வாரந்தோறும் பணம் கொடுத்துத் தங்கினார். அவள் அவருக்குச் சமைத்துப் போட்டாள், துணி துவைத்தாள். அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் பிரிந்தே வாழ்ந்தார்கள் என்பது தீர்ப்பு. ஏனெனில் அவர் அங்கே இருந்தது கணவனாக அன்று, பணம் கொடுத்துத் தங்குபவராக. சோறும் துணியும் இரண்டு வழக்கிலும் உண்டு. எந்த உறவில் அவை கொடுக்கப்பட்டன என்பதே வேறுபாடு. உதவித்தொகை வழக்குகளிலும், 1982இல் சட்ட அறிக்கைகளில் வெளியான ஒரு தீர்ப்பு இதே திசையில் சென்றது: விபத்தில் முடமான ஒரு பெண்ணுக்கு உதவ ஒருவர் அவள் வீட்டில் வந்து தங்கினால், அவர்கள் சேர்ந்து இருக்கிறார்கள் என்பதோடு, ஏன் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும்.

அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். 2024-25 நிதியாண்டில், அந்நாட்டு முதியோருக்கு உறுதிசெய்யப்பட்ட அடிப்படை வருமானம் தனியாள் ஒருவருக்கு வாரம் 218.15 பவுண்டு, தம்பதியர் இருவருக்கும் சேர்த்து 332.95 பவுண்டு. தனியாட்கள் இருவர் என்றால் 436.30 பவுண்டு ஆகும். பிரிந்துவிட்டோம் என்று சொன்னால் வாரம் நூறு பவுண்டுக்கு மேல் கூடுதல். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பொய்ப் பிரிவு பிரிபவர்கள் இல்லாமல் இல்லை. அந்தப் பணம், விடியற்காலையில் அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கப்போகும் ஒரு கைம்பெண்ணின் வரியிலிருந்தும் வருகிறது. பொதுப் பணத்தைக் காப்பவன் கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேட்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் எதைக் கேட்கிறான்? என் மனத்தை அரித்தது இதுதான். தற்காலிகமாக விலகி வாழும் கணவன் மனைவியர் ஒரே குடித்தனத்தவராகவே கருதப்படுவர். திரும்பிச் சேர்ந்து வாழும் எண்ணம் இல்லாதபோது, அல்லது பிரிவு 52 வாரத்தைத் தாண்டும் என்று தோன்றும்போது, அவர்கள் இரண்டு குடித்தனம். புதிய திட்டத்தில் இந்த எல்லை 6 மாதம். ஆகவே நம் பேருந்து ஓட்டுநர், “விரைவில் திரும்பிப்போக எண்ணுகிறேன்” என்று எழுதினால், அவருடைய வீடு அந்தப் பழைய வீடே. வாடகை அறைக்கு உதவி இல்லை. “திரும்பும் எண்ணம் இல்லை” என்று எழுதினால் உதவி உண்டு. ஆனால் 26 வாரத்துக்குப் பின் அந்த வீடே அவர் கழுத்தைப் பிடிக்கும். எதை எழுதினாலும் ஓர் இழப்பு. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். தாங்க இயலாதது, அவருக்கே விடை தெரியாமல் இருந்ததுதான்.

“இரவில் படுக்கும்போது இனிப் போகமாட்டேன் என்று படுக்கிறேன். காலையில் கெட்டிலை அடுப்பில் வைக்கும்போது இரண்டு கோப்பையை எடுத்துவிடுகிறேன். எதை எழுத?”

ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒரு குரு கேட்கத் தயங்கும் கேள்வியை ஒரு படிவம் கேட்கிறது. உன் மனைவி மேல் உனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறதா? எத்தனை வாரத்துக்கு? செல்வருக்கு இக்கேள்வி வருவதில்லை. இரண்டாவது வீடு வாங்க வசதி உள்ளவர், ஆறு மாதம் அங்கும் ஆறு மாதம் இங்குமாக, மனம் தெளியும்வரை காத்திருக்கலாம். மணமுறிவுச் சட்டமும்கூட ஒரு காலத்தில் இவ்வளவு அவசரப்படுத்தவில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிரிந்த தம்பதியர் சமரசம் தேடி ஆறு மாதத்துக்கு மேற்படாமல் மீண்டும் சேர்ந்து வாழ்ந்து பார்த்தால், அதனால் அவர்களுடைய பிரிவுக்காலக் கணக்கு கெடாது என்று ஏற்பாடு இருந்தது. முயன்று தோற்றவர்களைத் தண்டிக்கக் கூடாது என்னும் நல்லெண்ணம் அது. 2022 ஏப்ரல் 6 முதல் அந்நாட்டில் மணமுறிவு கேட்பவர் பிரிந்து வாழ்ந்ததை நிறுவவே தேவையில்லை. யார் எங்கே உறங்கினார், யார் யாருக்குச் சமைத்தார் என்னும் விசாரணை மணமுறிவு நீதிமன்றத்தை விட்டுப் போய்விட்டது. வாடகைக்கு உதவி கேட்கும் ஏழையின் முன்னால் மட்டும் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

திருமணம் பிரிக்கப்படாதது என்று போதிக்கும் நாம் இங்கே பெருமை பேசவேண்டியதில்லை. பிரிவு நேரும் என்பதைத் திருச்சபை என்றும் ஒளித்ததில்லை. இங்கிலாந்தில் 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பந்தியிலும் படுக்கையிலும் பிரிவை வழங்கியவை அங்கிருந்த திருச்சபை நீதிமன்றங்களே. தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில், பிரிந்துபோன மனைவி மறுமணமின்றி இருக்கட்டும் அல்லது கணவனோடு ஒப்புரவாகட்டும் என்னும் பொருள்படச் சொல்லும்போது, இவ்வளவு காலத்துக்குள் என்று கெடு வைக்கவில்லை. உடலுக்கோ ஆன்மாவுக்கோ கடும் ஆபத்து விளைவிக்கும் துணையை விட்டு விலக 1153ஆம் விதி இடம் கொடுக்கிறது. ஆபத்து நீங்கினால் மீண்டும் சேரவேண்டும் என்கிறது. அந்த இடைக்காலத்தில் அவர்கள் எதைக் கொண்டு வாடகை கட்டுவார்கள் என்று எந்த விதியும் கேட்கவில்லை. எங்கள் வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை.

நம்மவர் எழுதவேண்டிய மறுபரிசீலனை மனுவுக்கு ஒரு மாதம் அவகாசம் இருந்தது. மனைவி வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கு உணவு கொண்டுவந்து கொடுப்பதையும், அழுக்குத் துணியை எடுத்துப்போவதையும் அவர் சொன்னார். உடனே என் மனத்தில் வழக்கறிஞர் குரல் ஒன்று எழுந்தது: இதை வைத்து, மனமுறிவே இல்லை என்று வாதாடலாமே! அப்படியானால் வீடு கணக்கில் சேராது. ஆனால் அதே வெள்ளிக்கிழமைச் சோற்றைக் காட்டி, இவர்கள் ஒரே குடித்தனம்தான் என்று மன்றமும் வாதாடலாமே? ஒரு தட்டுச் சோறு இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லும் நிலை. அதைக் கொடுத்தவளுக்கோ தான் சாட்சியம் தயாரிப்பது தெரியாது.

பாதி உண்மையை வாயால் சொல்லி மீதியை மனத்துக்குள் முடித்துக்கொள்ளும் கலையைச் சில அறநெறி ஆசிரியர்கள் ஒரு காலத்தில் அனுமதித்தார்கள். 1679இல் பதினோராம் இன்னொசென்ட் திருத்தந்தை அதைக் கண்டித்தார். கண்டித்தது சரியே என்பது என் கருத்து. பிறர்க்கு உதவும் பொருட்டுச் சொல்லும் பொய்யும் பொய்யே என்கிறார் புனித தோமா அக்குவினாஸ். அதே தோமாவே இன்னொன்றும் சொல்கிறார்: சட்டம் பெரும்பாலும் நிகழ்வதை நோக்கி இயற்றப்படுகிறது, ஆகவே சில வேளை சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் அது நீதிக்கு மாறாகும், காப்பாகக் கொடுத்த வாளைப் பித்துப்பிடித்தவன் திருப்பிக் கேட்டால் கொடுக்கலாகாது. அந்த நயன்மை, தீர்மானிக்கும் இடத்தில் உள்ளவரிடம் இருக்கவேண்டிய நற்பண்பு. மனு எழுதுபவர் அதைத் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டு உண்மையை வளைக்க முடியாது. 26 வாரம் என்பது ஒரு வீட்டை விற்க ஏற்ற காலமாக இருக்கலாம். ஒரு மனம் தன்னை அறிந்துகொள்ள அது போதுமா என்பதை அலுவலர் ஒருவர் கேட்கவேண்டும் என்று எதிர்பார்த்தேன். இன்றும் எதிர்பார்க்கிறேன்.

மனுவில் கைவைக்குமுன் அந்த அம்மையாரையும் பார்த்தேன். நெருக்கமான சிறு வீடு. சமையலறையில் மேசையும் இரண்டு நாற்காலிகளும். தேநீர் கொடுத்தார். கணவர் அனுப்பித்தான் வந்தேனோ என்று முதலில் ஐயப்பட்டார். இல்லை என்று தெரிந்ததும் மேசைத்துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே பேசினார்.

“அவர் என் கணவர், ஃபாதர். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இந்தக் கதவுக்குள் அவர் வரக்கூடாது.”

“என்றுமா?”

“அதை நான் ஏன் இன்றைக்கே சொல்லவேண்டும்?”

நான் பதில் சொல்லவில்லை. சட்டத் தொகுப்பின் ஐந்து விதிகளையும் அறிந்த எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. வீட்டை விற்பது பற்றி அவரிடம் கேட்கவும் மனம் வரவில்லை. அவராகவே, “விற்கத்தான் வேண்டுமென்றால் விற்கட்டும், நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன்” என்றார். தங்கை வீடு இருநூறு மைல் தொலைவில், தெற்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கு அது மிகத் தூரம்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் நானும் அவரும் மனுவை எழுதி முடித்தோம். வாதம் எதுவும் வேண்டாம், நடப்பதை மட்டும் எழுதுவோம் என்று தீர்மானித்திருந்தோம். மனைவி வெள்ளிக்கிழமை வருகிறார், வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போகிறார், உள்ளே வருவதில்லை. சேர்ந்து உண்பதில்லை. பணம் கொடுத்து வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே கோவிலில் வெவ்வேறு இருக்கையில் அமர்கிறோம். இத்தனையும் எழுதிய பின்பு, கேள்விக்கு விடையாக ஒரு வரி வேண்டுமே என்று நானே, “மனைவியோடு மீண்டும் சேர்ந்து வாழும் எண்ணம் எனக்கு இல்லை” என்று சேர்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் மெதுவாகப் படித்தார். என் பேனாவைக் கேட்டு வாங்கி, கடைசி வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அதன் மேல் தம் கையெழுத்தில், “இப்போது இல்லை” என்று எழுதி, மடித்து உறையிலிட்டார்.